இடப்பக்க இதயமும் இரண்டு இதழ்களும்

மனித இதயத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு இரத்தத்தையே வெளியேற்றுகின்றன. ஆனால் அதற்காக அவை படும் பாடு ஒன்றன்று. அருகிலேயே இருக்கும் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பும் வலது கீழறையில் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியே நின்றுவிட, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இரத்தத்தைச் செலுத்தவேண்டிய இடது கீழறையில் அது 120ஐத் தொடுகிறது. வலது கீழறையின் சுவர் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிப்போடு அமைந்திருக்க, இடது கீழறையின் சுவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடித்திருப்பதற்கும், இதய நோய்களுள் பெரும்பாலானவை இடப்பக்கத்தையே முதலில் பற்றுவதற்கும் இந்த அழுத்த வேறுபாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இந்த அழுத்தத்தை நேருக்கு நேர் தாங்கி நிற்பது மைட்ரல் வால்வு எனப்படும் ஈரிதழ் வால்வு. நுரையீரலிலிருந்து உயிர்வளி ஏற்றுத் திரும்பும் இரத்தம் வந்து சேரும் இடது மேலறைக்கும், அதை உடலுக்குச் செலுத்தும் இடது கீழறைக்கும் நடுவே அது அமைந்திருக்கிறது. மேலறையில் அழுத்தம் சராசரியாக 10 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கீழறை சுருங்கும் கணத்தில் வால்வின் ஒருபுறம் 10, மறுபுறம் 120 என்ற நிலை ஏற்படுகிறது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை, ஒரு சொட்டும் பின்னோக்கிப் போகாதபடி, மெல்லிய இரண்டு இதழ்கள் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கின்றன.

இதழ்கள் தாமாகவே இதைச் செய்துவிடுவதில்லை என்பதுதான் இந்த வால்வைப் பற்றி மருத்துவம் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட செய்தி. முன்னிதழ் அகலமானது, பின்னிதழ் குறுகியது, ஆனால் வால்வு வளையத்தின் சுற்றளவில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டின் விளிம்புகளிலிருந்தும் வெண்ணிற நாண்கள் இறங்கி, கீழறையின் உட்சுவரிலிருந்து எழும் பாப்பில்லரி தசைகள் இரண்டில் சென்று பொருந்துகின்றன. கீழறை சுருங்கும்போது இந்தத் தசைகளும் சேர்ந்து சுருங்கி நாண்களை இழுத்துப் பிடிப்பதனால்தான், இதழ்கள் மேலறைப் பக்கமாகப் புரண்டுவிடாமல் ஒன்றோடொன்று அணைந்து மூடுகின்றன. ஆகவே வளையம், இதழ்கள், நாண்கள், தசைகள், அந்தத் தசைகள் ஊன்றியிருக்கும் கீழறைச் சுவர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே வால்வு. இவற்றுள் எது கெட்டாலும் வால்வு கெடும். முன்புறத்துப் பாப்பில்லரி தசைக்குப் பெரும்பாலும் இரண்டு தமனிகள் வழியே இரத்தம் கிடைக்க, பின்புறத்துத் தசை பொதுவாக ஒரே தமனியை நம்பியிருக்கிறது. மாரடைப்பு வந்த சில நாட்களில் திடீரென அறுந்து, உயிருக்கே ஆபத்தான கசிவை உண்டாக்கும் தசை பெரும்பாலும் பின்புறத்துத் தசையாகவே இருப்பதன் காரணம் இது. அங்கே இதழ்களில் ஒரு குறையும் இருக்காது.

மைட்ரல் வால்வைப் பழுதாக்கும் நோய்களுள் நீண்ட காலம் முதலிடம் வகித்ததும், ஏழை நாடுகளில் இன்றும் முதலிடம் வகிப்பதும் ருமாட்டிக் காய்ச்சலின் விளைவான இதய நோய். பள்ளி வயதுக் குழந்தைக்கு ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் தொண்டைப்புண் வருகிறது. இரண்டு மூன்று வாரங்களில் மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலிக்கின்றன. பின் எல்லாம் தானே அடங்கிவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள எம் புரதம் மனித இதயத்தசைப் புரதத்தைச் சில கூறுகளில் ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்க உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றல் இதயத்தையும் தாக்கத் தொடங்குகிறது. இந்த அழற்சி எல்லா வால்வுகளையும் ஒன்றுபோல் பாதிப்பதில்லை. மைட்ரல் வால்வு முதலில், மகாதமனி வால்வு அடுத்து, வலப்பக்கத்து மூவிதழ் வால்வு அதற்குப் பின், நுரையீரல் தமனி வால்வு மிக அரிதாக என்பது அதன் வரிசை. மூடியிருக்கும்போது இந்த நான்கு வால்வுகளும் தாங்கும் அழுத்தத்தை இறங்குவரிசையில் எழுதினாலும் இதே வரிசைதான் வரும். இது ஊகமேயாயினும், ஓயாத அழுத்தத்தால் நுண்ணிய காயம் படும் பரப்பிலேயே அழற்சி வேரூன்றுகிறது என்ற விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அழற்சி ஆறும்போது இதழ்களின் ஓரங்கள் சந்திக்கும் இரு மூலைகளும் ஒட்டிக்கொள்கின்றன. நாண்கள் தடித்துக் குறுகுகின்றன. திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கவேண்டிய வால்வின் வாய் ஆண்டுகள் செல்லச்செல்லச் சுருங்கி, 1.5 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நோய் கடுமையானது என்று கணக்கிடப்படுகிறது. இங்கு அழுத்தத்தின் திசை மாறிவிடுகிறது. சிறிய வாய் வழியே அதே அளவு இரத்தத்தைத் தள்ள மேலறையின் அழுத்தம் 20, 25 என ஏற, அந்த அழுத்தம் அப்படியே நுரையீரல் நாளங்களுக்குப் பின்னேறி, நீர் காற்றறைகளுக்குள் கசிந்து, படுத்தால் மூச்சுவிட முடியாத நிலை உண்டாகிறது. கீழறை நிரம்புவதற்குக் கிடைக்கும் நேரம் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான ஓய்வு மட்டுமே என்பதால், நாடித்துடிப்பு வேகமெடுத்தால் நிலைமை சட்டென மோசமாகும். சுற்றோட்டத்தில் இரத்தத்தின் அளவும் கூடி, துடிப்பும் கூடும் கருவுற்ற மாதங்களில், அதுவரை நோய் இருப்பதையே அறியாத பெண்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்து சேர்வது இதனால்தான்.

சுருங்கிய வாயைக் கத்தியால் திறந்துவிடலாம் என்ற எண்ணத்தை 1902ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் லாடர் பிரண்டன் எழுத்தில் வெளியிட்டபோது, செய்துகாட்டாமல் யோசனை சொன்னதற்காகவே அவர் கண்டிக்கப்பட்டார். செய்துகாட்டியவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எலியட் கட்லர். 1923 மே மாதத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் இடது கீழறை வழியாகக் கத்தியைச் செலுத்தி அவர் வால்வை அறுத்தார். அவள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தாள். அடுத்த கட்டமாக, வால்வின் ஒரு துண்டையே வெட்டி எடுக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் இறந்ததால் சில ஆண்டுகளில் முயற்சி கைவிடப்பட்டது. கட்லரின் கை தேர்ந்த கைதான். வால்வைப் பற்றிய எண்ணமே பிழையாக இருந்தது. அடைப்பு இருக்கிறது, அதை அகற்றவேண்டும் என்று மட்டும் நினைத்தவர்கள், அதே இதழ்கள் அடுத்த அரை நொடியில் 120 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கு எதிராக மூடவேண்டியவை என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சுருக்கத்துக்குப் பல ஆண்டுகளில் மெல்லத் தன்னைப் பழக்கிக்கொண்ட இதயத்தின்மேல் கடுமையான கசிவு ஒரே கணத்தில் சுமத்தப்பட்டது.

1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் வேறு வழியைக் கையாண்டார். இடது மேலறையின் காதுமடல் போன்ற சிறு பிதுக்கத்தைத் திறந்து, அதன் வழியே சுட்டுவிரலை உள்ளே நுழைத்து, துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் வால்வை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். எதிர்பார்த்த அளவு சுருக்கம் இல்லை, கசிவே மிகுதி என்பதை விரல் உணர்த்தியதால், கத்தியைப் பயன்படுத்தாமல் விரலாலேயே சற்று விரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அறுவைக்கு உள்ளான பெண் பிழைத்தாள். ஆயினும் இதய மருத்துவர்கள் அவரிடம் இரண்டாவது நோயாளியை அனுப்பவே இல்லை. கோளாறு வால்வில் இல்லை, இதயத்தசையில்தான் என்பது அக்காலத்துப் பெரியவர்களின் உறுதியான கருத்தாக இருந்தது. கால் நூற்றாண்டு அதிலேயே கழிந்தது.

1948 ஜூன் 10ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் சார்லஸ் பெய்லி இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு அறுவைகளுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு முன் அவருடைய நோயாளிகள் அடுத்தடுத்து இறந்திருந்தனர். முதல் அறுவையில் மரணம் நேர்ந்தால் இரண்டாவதை யாராவது தடுத்துவிடுவார்கள் என்பதால்தான் ஒரே நாளில் இரு வேறு இடங்கள். காலையில் அறுவைக்கு உள்ளானவர் இறந்தார். பிற்பகலில் அறுவைக்கு உள்ளான இளம்பெண் பிழைத்தார். ஒரு மருத்துவரின் துணிவு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இதற்கு இசைவு தராது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பெய்லி வால்விலிருந்து எதையும் வெட்டி எடுக்கவில்லை. ஒட்டிக்கொண்ட மூலைகளை மட்டும், இயற்கையான பிளவு இருந்த கோட்டிலேயே, பிரித்துவிட்டார். அதே மாதத்தில் பாஸ்டனில் டுவைட் ஹார்க்கனும், சில மாதங்களில் லண்டனில் ரஸல் பிராக்கும் வெற்றி கண்டனர்.

இந்தச் சிகிச்சை மிகுதியாகத் தேவைப்பட்ட இடமோ வேறு. மேலைநாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பிருந்தே, நெரிசல் குறைந்த வீடுகளாலும் நல்ல உணவாலும் ருமாட்டிக் காய்ச்சல் குறையத் தொடங்கியிருந்தது. இந்தியாவிலோ, மேலைநாடுகளில் நடுவயதில் காணப்படும் கடுமையான வால்வுச் சுருக்கம் இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடமே காணப்படுவதை டெல்லியின் சுஜாய் பி. ராயும் அவருடைய குழுவினரும் 1963இல் லான்செட் இதழில் பதிவு செய்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையின்றி, துடிக்கும் இதயத்திலேயே விரலையும் விரிப்பானையும் கொண்டு வால்வைத் திறக்கும் மூடிய முறை அறுவை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்யப்பட்டது. அங்கு தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட 3,724 பேரின் நெடுநாளைய நிலையை ஸ்டான்லி ஜானும் சக மருத்துவர்களும் 1983இல் சர்க்குலேஷன் இதழில் வெளியிட்டனர். உலக அளவில் இத்துறையின் மிகப் பெரிய தொடர்களுள் அது ஒன்று. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாத ஊரில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கட்டுரை போதுமான விடை.

அறுவை வந்ததும், யாருக்கு அதைச் செய்வது என்ற கேள்வி கூர்மையாயிற்று. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பை வைத்துச் சுருக்கம் என்று முடிவு செய்து நெஞ்சைத் திறந்தால், உள்ளே இருப்பது கசிவாக இருந்துவிடலாம். சுவீடனின் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கே எட்லரை உறுத்திக்கொண்டிருந்தது இந்தச் சிக்கல்தான். அவர் நாடிய இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸ், கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பற்றவைப்பின் குறைகளைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார். 1953 அக்டோபர் 29 அன்று இருவரும் முதல் பதிவை எடுத்தனர். சுருக்கம் உள்ளவர்களிடம் ஓர் எதிரொலிக்கோடு இயல்பைவிட மெதுவாகச் சரிவதை எட்லர் கவனித்தார். அது இடது மேலறையின் முன்சுவரிலிருந்து வருகிறது என்று கருதினார். ஐயம் தீரவில்லை. மீயொலிக் கதிர் சென்ற அதே இடத்திலும் அதே திசையிலும் இறந்தவர்களின் மார்பில் கூர்ங்கம்பியைச் செலுத்திப் பார்த்தபோது, கம்பி துளைத்தது மேலறைச் சுவரையன்று, மைட்ரல் வால்வின் முன்னிதழை. இன்று எக்கோ என்ற பெயரில் தாலுகா ஊர்களிலும் எடுக்கப்படும் பரிசோதனை, மைட்ரல் வால்வுச் சுருக்கத்தை அளக்கும் ஒற்றை நோக்கத்திலிருந்து பிறந்தது.

அந்த எக்கோவே பின்னொரு காலத்தில் ஒரு பெரிய மயக்கத்தையும் உண்டாக்கியது. கீழறை சுருங்கும் வேளையின் நடுவில் கேட்கும் சிறு சொடுக்கொலி இதயத்துக்கு வெளியே பிறக்கும் தீங்கற்ற ஒலி என்று நெடுநாள் நம்பப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் ஜான் பார்லோ, 1963இல், அது மைட்ரல் இதழ் மேலறைக்குள் பிதுங்குவதோடு தொடர்புடையது என்று ஊடுகதிர்ப் படங்களால் காட்டினார். எக்கோ பரவியதும் இந்த இதழ்ப் பிதுக்கம் எங்கும் தென்படத் தொடங்கியது. சில கணக்கெடுப்புகளில் இளம்பெண்களுள் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது. படபடப்பு, களைப்பு, அச்சம் என எதற்கும் இதையே காரணம் காட்டும் வழக்கமும் வந்தது. பாஸ்டனின் ராபர்ட் லெவினும் குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் இதன் உண்மையைக் கண்டனர். வால்வின் வளையம் தட்டையானது என்ற அனுமானத்தின்மேல்தான் அத்தனை கணக்கும் நின்றது. உண்மையில் அது குதிரைச் சேணம்போல் இரு புறம் உயர்ந்தும் இரு புறம் தாழ்ந்தும் வளைந்த வடிவமுடையது. தாழ்ந்த பகுதிகளின் வழியே வெட்டிப் பார்க்கும் கோணத்தில், முற்றிலும் நலமான இதழும் வளையத்தைத் தாண்டி மேலே போனதாகவே தெரியும். சரியான கோணத்தில் அளந்து அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வு 1999இல் வெளியிட்ட எண்ணிக்கை 2.4 விழுக்காடு. நோயாளிகள் என்று பல்லாண்டுகள் முத்திரை குத்தப்பட்டவர்களுள் பெரும்பகுதியினருக்கு ஒரு நோயும் இருந்ததில்லை.

வளையத்தின் வடிவம் தெரியாததால் நேர்ந்த பிழை இது என்றால், வால்வின் வடிவத்தை நன்கறிந்து அமைக்கப்பட்ட கருவி ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் உலகுக்கு அறிவித்த பலூன். தொடைச்சிரை வழியே வலது மேலறைக்குச் சென்று, இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்பை ஊசியால் துளைத்து, இடப்பக்கம் சேர்ந்த பின், முதலில் பலூனின் முன்பகுதி விரிகிறது. அதைப் பின்னிழுத்து வால்வில் பொருத்தியதும் பின்பகுதி விரிந்து, உடுக்கை வடிவில் வால்வை இடுப்பில் கவ்விக்கொள்கிறது. கடைசியாக இடுப்பும் விரியும்போது, ஒட்டிய மூலைகள் பெய்லியின் விரல் பிரித்த அதே கோட்டில் பிரிகின்றன. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையோடு இதை ஒப்பிட்டு ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் 60 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் பலூன் செய்துகொண்டவர்களின் வால்வுப் பரப்பு சராசரியாக 2.4 சதுர சென்டிமீட்டர், அறுவை செய்துகொண்டவர்களுக்கு 1.8. கத்தியின்றி முடியும் சிகிச்சை, கத்திச் சிகிச்சையைவிட நல்ல பலன் தருவதை அந்த ஆய்வு காட்டியது. பிரிக்க முடியாத அளவு சிதைந்த வால்வுகளுக்கு மாற்று வால்வே வழி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இறக்குமதி வால்வின் விலை எட்டாதவர்களுக்கு அந்த வழியைத் திறந்தது.

வால்வு தனித்த உறுப்பன்று என்ற உண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்டது அண்மைய ஆய்வுகளில்தான். மாரடைப்பாலோ இதயத்தசை நோயாலோ இடது கீழறை ஊதிப் பெருத்தால், பாப்பில்லரி தசைகள் வெளிப்புறமாக விலகி நாண்களை இழுக்க, குறையற்ற இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் கசிகின்றன. இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி இதழ்களின் நடுப்பகுதியை ஒரு தையலால் இணைத்த முறையைப் பின்பற்றி, குழாய் வழியே செலுத்தப்படும் கவ்வி ஒன்று உருவாக்கப்பட்டது. இத்தகைய கசிவுக்கு அது பயன்படுமா என்பதைச் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2018இல் சில வார இடைவெளியில் வெளிவந்து, நேர்மாறான விடைகளைத் தந்தன. பிரான்சில் 304 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டில் ஒரு பயனும் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டாண்டு இறப்பு 46 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாகக் குறைந்தது. பொருத்திய கருவி ஒன்றே, நோயாளிகள்தான் வேறு. பிரெஞ்சு நோயாளிகளின் கீழறை பெரிதும் விரிந்திருந்தது, கசிவு அதற்கேற்ற அளவிலேயே இருந்தது. அமெரிக்க ஆய்வில் கீழறை அவ்வளவு பெருக்காமல் கசிவு மட்டும் மிகுந்திருந்தது. முன்னவர்களுக்குக் கசிவு என்பது கீழறை நோயின் அடையாளம், பின்னவர்களுக்கு அதுவே தனிச்சுமை என்ற விளக்கத்தைப் பலர் ஏற்கின்றனர், விவாதம் முடிந்துவிடவில்லை.

இந்தக் கவ்வி ஆய்வுகளுக்குக் கிடைத்த பணத்தையும் புகழையும், ருமாட்டிக் நோய் ஆய்வுக்குக் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு கண்ணை உறுத்தும். மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கும் ருமாட்டிக் நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமல் காக்க எந்த மாத்திரை நல்லது என்ற எளிய கேள்விக்கே 2022 வரை தக்க விடை இல்லை. செல்வ நாடுகளில் நடந்த ஆய்வுகள் இவர்களை விலக்கிவைத்துவிட்டு, அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகளே மேல் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தன. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தியோருள் ஒருவராக இருந்த இன்விக்டஸ் ஆய்வு, ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் 24 நாடுகளைச் சேர்ந்த 4,500க்கும் மேற்பட்டோரிடம் புதிய ரிவராக்ஸபானையும் வார்ஃபரின் வகைப் பழைய மருந்தையும் ஒப்பிட்டது. எதிர்பார்ப்புக்கு மாறாக, பழைய மருந்தை உட்கொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களுள் பத்துக்கு ஏழு பேர் பெண்கள்.

இன்னும் முன்னதாகவே நோயைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு உகாண்டாவிலிருந்து விடை வந்தது. பள்ளிப் பருவத்தினருக்கு எக்கோ எடுத்து, அறிகுறி ஏதுமின்றி வால்வில் தொடக்கநிலை மாற்றம் மட்டும் தெரிந்த 818 பேரைத் தெரிவு செய்து, பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி இரண்டு ஆண்டுகள் போடப்பட்டது. ஊசி போட்டவர்களுள் நோய் முற்றியவர்கள் 0.8 விழுக்காடு, போடாதவர்களுள் 8.2. மருந்து 1950களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது, விலையும் குறைவு. ஆனால் போட்ட இடத்தில் கடுமையாக வலிக்கும், அவ்வப்போது கடைகளில் கிடைக்காமலும் போகும். ஒரு குழந்தையை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், அந்த ஊசிக்கு அழைத்துவருவதற்கான ஏற்பாட்டை எந்த ஆய்வகமும் உருவாக்கித்தர முடியாது. கிராமச் செவிலியர், பள்ளி, பேருந்துக் கட்டணம், பெற்றோரின் ஒரு நாள் கூலி ஆகியவற்றையே அது நம்பியிருக்கிறது. அடுத்த கட்ட ஆய்வுகள் இப்போது இவற்றைத்தான் அளக்கத் தொடங்கியுள்ளன.